பவர் ஆட்டோமேட்: டிரிகரிலேயே நிபந்தனை வைப்பது எப்படி?

பவர் ஆட்டோமேட் என்பது வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி. அதில் நாம் அமைக்கும் வேலைத் தொடர் ‘ஃபுளோ’, அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு ‘டிரிகர்’. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் தளத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பப் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘நிலை’ என்ற பத்தி (நெடுவரிசை) ‘ஏற்கப்பட்டது’ என்று மாறியதும் விண்ணப்பித்தவருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். இதற்கான டிரிகர் ‘வென் அன் ஐட்டம் இஸ் கிரியேட்டட் ஆர் மாடிஃபைட்’ (ஒரு பதிவு உருவானாலோ மாறினாலோ). ஆனால், பட்டியலில் யாராவது ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்த ஃபுளோ ஓடிவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் ஃபுளோவுக்குள் ‘கண்டிஷன்’ சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள். அங்கே ஃபுளோ தொடங்கிய பிறகுதான் சோதனை நடக்கிறது. வேண்டாத ஓட்டங்கள் ‘ரன் ஹிஸ்டரி’ என்ற ஓட்டப் பதிவேட்டில் குவிந்துவிட்டால், உண்மையான பிழையைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. ஃபுளோக்கள் ஓடுவதற்கான தினசரி வரம்பும் வீணாகக் கரையும். டிரிகரில் நிபந்தனை இருந்தால், பொருந்தாதபோது ஃபுளோ தொடங்கவே தொடங்காது. எனவே முடிந்த இடத்திலெல்லாம் அங்கேயே வைத்துவிடுங்கள்.

இந்த நிபந்தனையை வாய்பாடாகத்தான் கொடுக்க வேண்டும். அதைப் பவர் ஆட்டோமேட்டைக் கொண்டே எழுதவைக்கலாம்.

1. டிரிகருக்குக் கீழே ‘ஃபில்டர் அர்ரே’ என்ற வடிகட்டும் படியைத் தற்காலிகமாகச் சேருங்கள்.

2. அதன் நிபந்தனை வரியில், இடப்பக்கம் ‘டைனமிக் கன்டென்ட்’ பட்டியலிலிருந்து ‘நிலை வேல்யூ’, நடுவில் ‘இஸ் ஈக்வல் டு’, வலப்பக்கம் ‘ஏற்கப்பட்டது’. ‘நிலை’ என்பது ‘சாய்ஸ்’ வகைப் பத்தி என்றால், வெறும் ‘நிலை’யைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஒரு தொகுப்பு. எழுத்து வடிவிலான மதிப்பு அதற்குள்ளே ‘வேல்யூ’வில்தான் இருக்கிறது.

3. ‘எடிட் இன் அட்வான்ஸ்டு மோட்’ அழுத்தினால் @ குறியில் தொடங்கும் ஒரு வரி கிடைக்கும். அந்தக் குறியோடு சேர்த்து முழுதாக நகலெடுத்துக்கொண்டு, ‘ஃபில்டர் அர்ரே’யை நீக்கிவிடுங்கள்.

4. டிரிகரின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிரிகர் கண்டிஷன்ஸ்’ என்பதன் கீழ் ‘ஆட்’ அழுத்தி, அந்த வரியை ஒட்டிச் சேமியுங்கள்.

இத்தோடு நிறுத்திவிடக் கூடாத ஒரு சூழல் உண்டு. மின்னஞ்சல் அனுப்பியதும் அதே வரிசையில் ‘அனுப்பியாயிற்று’ என்ற பத்தியை ‘ஆம்’ என்று உங்கள் ஃபுளோ மாற்றுகிறதா? அதுவும் ஒரு மாற்றம்தான். நிலை இன்னும் ‘ஏற்கப்பட்டது’ என்றே இருப்பதால் ஃபுளோ மறுபடி ஓடும், மறுபடி மின்னஞ்சல் போகும், மறுபடி பத்தியை எழுதும். ஒரே விண்ணப்பத்துக்கு ஓயாமல் மின்னஞ்சல் குவியும். இதைத் தடுக்க, ‘அனுப்பியாயிற்று’ இன்னும் ‘இல்லை’ என்றே இருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையையும் அதே முறையில் சேருங்கள். தனித்தனி வரிகளாகக் கொடுத்தால் எல்லாமே பொருந்தினால்தான் ஃபுளோ தொடங்கும். ‘ஆம்/இல்லை’ வகைப் பத்தியின் மதிப்பும் (true/false) எண்களும் அந்த வரியில் மேற்கோள் குறிக்குள் இருக்கக் கூடாது. எழுத்து மதிப்புகள் மட்டும் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும்.

நிபந்தனை வைத்த பிறகு ஃபுளோ அசையவே இல்லை என்றால், ‘ரன் ஹிஸ்டரி’யில் தடயம் எதுவும் கிடைக்காது. தொடங்காத ஓட்டம் அங்கே பதிவாவதில்லை. நிபந்தனைகளை வேறெங்காவது ஒட்டி வைத்துவிட்டு, டிரிகரிலிருந்து நீக்கி, ஒருமுறை ஓடவிடுங்கள். பிறகு டிரிகரின் ‘அவுட்புட்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘நிலை’க்குக் கீழ் என்ன மதிப்பு வந்திருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொருந்தாது. ஆங்கில மதிப்பு என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் பொருந்தாது. வந்த மதிப்பை அப்படியே நகலெடுத்து நிபந்தனையில் இட்டு, திரும்பச் சேருங்கள்.