ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

புதிதாக எழுத வருகிறவர்களின் கதைகளையும் கட்டுரைகளையும் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைக் கோலாலம்பூரில் பல காலமாகச் செய்து வருகிறேன். திறமை இல்லாமல் பாதியில் நின்றுபோனவர்கள் சிலரே. தவறான நம்பிக்கைகளால் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

மனத்தில் ஏதாவது ஊற்றெடுத்தால்தான் எழுத முடியும் என்பது அவற்றில் முதலாவது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிப் பேராசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு அவசரத் தேவைக்கு மட்டுமே எழுதலாம். இன்னொரு குழு மனம் வரும்போது எழுதலாம். மூன்றாவது குழு, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும். மூன்றாவது குழு அதிகப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகமாகத் தோன்றின என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்கு வராத ஊக்கம், எழுத உட்கார்ந்தவர்களுக்கு வந்தது.

இதைக் கேட்டதும் சிலர் தினமும் இரண்டு மணி நேரம் எழுதுவதாகச் சபதம் எடுத்துவிடுகிறார்கள். ரவாங்கிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து வேலை பார்த்துத் திரும்புகிறவருக்கு அது நடக்கிற காரியமா? ஏற்கெனவே நாள்தோறும் செய்கிற ஒன்றோடு எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். காலையில் பசியாறியதும் பதினைந்து நிமிடம் போதும். ரயிலில் இடம் கிடைத்ததும் ஐந்து வரி எழுதினாலும் போதும்.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேர் புதிய பழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்வதை 12 வாரம் கவனித்தார்கள். உணவு, நீர் அருந்துதல், உடற்பயிற்சி சார்ந்த பழக்கங்கள்தாம் அவை. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுவளவாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஒரு நாள் கைவிட்டுப் போனால், மறுநாள் தொடருங்கள். நோட்டையே மூடி வைத்துவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறொன்று. பிறந்தது முதல் செந்தூல் அடுக்குமாடியில் வாழ்கிறவர், மார்கழிப் பனியையும் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தையும் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார். வாசித்துப் பழகிய நிலம் அது என்பது புரிகிறது. ஆனால் அவர் கண்ணால் கண்டது, பிற்பகலில் வானம் கறுத்துக் கொட்டித் தீர்க்கும் மழையை. தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதையும், பின்னொரு பருவத்தில் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தத்தையும் அறிந்திருப்பார். அதை எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்? எழுத ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சொந்த ஊரை எழுதத் துணிந்தவர்களும் எல்லோருக்கும் தெரிந்ததிலேயே நின்றுவிடுவதுண்டு. பத்துமலை என்றால் 272 படிகள், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலை, அவ்வளவுதான். முடியிறக்கிய குழந்தையின் தலையில் சந்தனம் பூசும் தாய் அந்த நேரத்தில் என்ன முணுமுணுத்தாள்? பால்குடம் ஏந்தியவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினார்? இப்படி ஒன்றை மட்டும் அன்றே குறித்துக்கொண்டு வந்தால், மறுநாள் எழுத உட்காரும்போது மனம் வெறுமையாக இருக்காது. குறிப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். இந்நாட்டவரான முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வந்த பிறகு, கைப்பேசியில் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுவதற்குக் காரணமே இல்லை.

எழுதினால் எங்கே வெளியிடுவது என்ற கவலையை முதல் ஆண்டில் தள்ளி வையுங்கள். 1924 முதல் வந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றது பேரிழப்புத்தான். என்றாலும் மற்ற நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்கள் இருக்கின்றன. கையில் நல்ல படைப்பு சேர்ந்த பிறகு அங்கே அனுப்பலாம்.

தள்ளி வைக்கவே கூடாத வேலை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நம் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டுபோய்ப் போட்ட சயாம் மரண ரயில் பாதை 1943-இல் முடிந்தபோது இருபது வயதாக இருந்தவர்கள் இன்று நூறைக் கடந்திருப்பார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே இப்போது தள்ளாத வயது. அப்படிப்பட்டவரிடம் போய், “தாத்தா, அந்தக் காலத்தில் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால், “கஷ்டம்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பால் வெட்ட உங்களுக்கு ஒதுக்கிய நிரையில் எத்தனை மரம், மழை பெய்து, பால் வடியும் கிண்ணமான மங்கில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அன்றைய சம்பளம் என்னவாகும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்ல ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வருவார்கள். குறுக்கே பேசாதீர்கள். ஆண்டு தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தவும் வேண்டாம், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்டதை அன்றிரவே அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.