ஆர்கிட் பூச்சியை இலை இடுக்கில் தேடுங்கள்

என் ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் நன்றாகப் பூத்திருந்தது, இலைகளும் பளபளவென்று இருந்தன. மஞ்சளாகிப்போன அடியிலையை ஒருநாள் கழற்றி எடுத்தேன். அது தண்டைப் பிடித்திருந்த இடுக்கில் பஞ்சைத் திணித்து வைத்ததுபோல மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் முதலில் இடுக்குகளைத்தான் பார்க்கிறேன்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இலையின் அடிப்பக்கம், பூவின் பின்புறம், பூந்தண்டின் கணுவை மூடியிருக்கும் உறை, எதையும் விடாதீர்கள். கேட்லியா வகை ஆர்கிட் என்றால் தண்டைச் சுற்றிக் காய்ந்திருக்கும் தோலை மெல்ல உரியுங்கள். செதில் பூச்சிக்குப் பிடித்த மறைவிடம் அது.

செதில் பூச்சியைப் பூச்சி என்றே நம்ப முடியாது. கால் தெரியாது, நகராது, இலையில் விழுந்த பழுப்பு மச்சம் போலிருக்கும். நகத்தால் கீறுங்கள். பெயர்ந்து வந்தால் பூச்சி. வராவிட்டால் பெரும்பாலும் தழும்பு அல்லது நோய்ப்புள்ளி.

இலை பிசுபிசுக்கிறதா, எறும்பு ஏறுகிறதா? மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சியில் சில வகைகள் எல்லாம் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். நாளானால் அதன்மேல் கரும்பூசணம் படியும். ஆனால் மொட்டுக் காம்பில் தெளிவான ஒரு துளி மட்டும் நின்றால் பதற வேண்டாம். பல ஆர்கிட்கள் தாமாகவே அப்படித் தேன் சுரக்கும். துடைத்துவிட்டுச் சுற்றிலும் தேடுங்கள், பூச்சி இல்லையென்றால் சரி.

இதழில் வெளிறிய கீறல்கள் இருந்தால் பூவை வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். 1 அல்லது 2 மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய கோடுகள் ஊர்ந்தால் இலைப்பேன்.

இலையின் அடியில் வெள்ளி பூசியதுபோல நுண்புள்ளிகளா? ஈரமான வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். செம்பழுப்புக் கறை ஒட்டினால் சிலந்திப்பேனைச் சந்தேகியுங்கள். அதற்கு 8 கால், பூச்சி இனமே அல்ல. அதனால் சாதாரணப் பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது அடங்காது.

மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ என்று தெரிந்ததும் செடியைத் தனியே வையுங்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். முட்டை பொரித்துப் புதிய குஞ்சுகள் வரும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். அப்புறம், பக்கத்தில் இலை உரசிக்கொண்டு நின்ற செடிகளையும் அன்றைக்கே பாருங்கள். என் மாவுப்பூச்சி அதற்குள் இரண்டாவது தொட்டிக்குப் போயிருந்தது.