ஷாஃப்ட் வண்டி நகரலையா, கிளட்ச்சப் பிரிக்கறதுக்கு முன்னால இதப் பாருங்க

ஷாஃப்ட் வண்டின்னா செயினுக்குப் பதிலா ஒரு இரும்புத் தண்டு (ஷாஃப்ட்) சுத்தி பின் வீல ஓட்டற பைக். அதுல சத்தியமங்கலம் பக்கம் திம்பம் ஏத்தத்துல 27 கொண்டை ஊசியில பாதி ஏறியிருப்பீங்க, இஞ்சின் உறுமுது கியரும் விழுது ஆனா வண்டி மட்டும் நகராது, உடனே கிளட்ச் போச்சுன்னு முடிவு பண்ணீராதீங்க. இஞ்சின ஆஃப் பண்ணி சென்டர் ஸ்டேண்ட் போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல விட்டுட்டு, கிளட்ச்சத் தொடாம பின் வீலக் கையில சுத்துங்க. இஞ்சின் கம்ப்ரெஷன்ல இறுக்கிப் புடிச்சுதுன்னா இஞ்சின்ல இருந்து வீல் வரைக்கும் இணைப்பு அறுகல, கிளட்ச் வழுக்குதான்னு பாக்கலாம். நியூட்ரல்ல மாதிரி சும்மா சுத்துச்சுன்னா பெரும்பாலும் எங்கியோ பல்லு போச்சுங்க.

அப்ப கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கற ரப்பர் பூட்ட வெலக்கி, இன்னொருத்தர வீல சுத்தச் சொல்லிப் பாருங்க, வீல் சுத்தியும் ஷாஃப்ட் அப்படியே நின்னா கோளாறு பின்னால, ஷாஃப்ட்டோட பின் ஸ்ப்லைன் (ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற பல்லு வரிசை), ஃபைனல் டிரைவ் (பின் வீல்கிட்ட இருக்கற கியர் பொட்டி), இல்லாட்டி வீல் ஸ்ப்லைன். ரெண்டும் சேந்து சுத்துனா கியர்பாக்ஸ், கிளட்ச் பிளேட் ஸ்ப்லைன் பக்கம் போங்க. கிரீஸ் காஞ்ச ஸ்ப்லைன்ல துரு செவப்புப் பொடியா உதிரும், பல்லு நுனி கத்தியாட்டக் கூர்ந்து போயிரும். டயர் மாத்தறப்ப எப்படியும் வீலக் கழட்டறதுதானே, அப்பவே மாலிப்டினம் கிரீஸ் தடவிக்கங்க, டயர்க் கடைக்காரர் இதெல்லாம் பாக்க மாட்டாரு. ஃபைனல் டிரைவ் ஆயில எறக்கறப்ப சாம்பக் கலர் மாவு வந்தாப் பரவால்லீங்க, கைக்குத் தட்டுப்படற தகடு வந்துச்சுன்னா மெதுவா ஓட்டி சத்தியமங்கலம் வரைக்கும் எறங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, வீல் லாக் ஆனாலும் ஆயிரும், டெம்போவுல ஏத்திருங்க.