களைத்தவரிடம் ‘இன்னும் ஜெபியுங்கள்’ என்று சொல்லாதீர்கள்

அமைதித் தியானக் கூடுகைக்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை, குடும்பம், சபை ஊழியம் மூன்றையும் சுமந்துகொண்டே வருகிறார்கள். கர்த்தருக்குள் இளைப்பாற வேண்டும், சிதறிப்போன மனம் மறுபடி ஒருமுகப்பட வேண்டும் என்பதே அவர்களுடைய ஏக்கம். ஆனால் தொடக்கத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அலைபேசியை அணைத்து வைப்பது, தினமும் ஒரே நேரத்தில் ஜெபிப்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத தடுமாற்றங்களை மட்டும் சொல்கிறேன்.

களைப்பை அவிசுவாசம் என்று நினைப்பது

இதைப் பேசும்போது என் குரல் இன்றும் உயர்ந்துவிடுகிறது.

ஓர் இளம்பெண். நோயில் கிடந்த தாயை இரவில் கவனித்துக்கொண்டு, பகலில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வேதபாடமும் நடத்தி வந்தாள். முழங்காலிட்டால் தூக்கம் வந்தது. வேதத்தைத் திறந்தால் ஒரு வரியும் மனதில் நிற்கவில்லை. சபையில் மூத்தவர் ஒருவரிடம் போய்ச் சொன்னாள். “உன் ஜெப வாழ்க்கையில் குறை இருக்கிறது. உபவாசம் இரு, முழு இரவு ஜெபத்துக்கு வா” என்று பதில் வந்தது. அவள் கீழ்ப்படிந்தாள். ஏற்கெனவே தூங்காதவள் இன்னும் தூங்காமல் இருந்தாள். சரியாகச் சாப்பிடாதவள் சாப்பாட்டையே விட்டாள். என்னைச் சந்தித்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?”

அவளுக்கு நான் வசனம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. படுக்கச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் எழுப்பினேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். அதற்குப் பிறகுதான் பேசவே முடிந்தது. ஆனாலும் ஜெபம் என்றாலே தன் குறையை யாரோ எண்ணிப் பார்க்கிறார்கள் என்ற பயம் அவளைவிட்டு நீங்க நெடுநாளானது. அந்த மூத்தவர் தீயவர் அல்லர், அக்கறையோடுதான் சொன்னார். என்னைக் கொதிக்க வைப்பது வேறு. அவளை முழு இரவு ஜெபத்துக்கு அழைக்க ஆள் இருந்தது. ஓர் இரவாவது அவளுடைய தாயின் அருகில் உட்கார்ந்து அவளைத் தூங்கவிட ஒருவரும் இல்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு முன்பாகத் தனியாக நின்ற தேவனுடைய தீர்க்கதரிசி எலியா, அரசி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடுகிறார். பெயெர்செபாவையும் தாண்டி வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. எலியா தூங்குகிறார். தூதன் அவரைத் தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொள்கிறார். அப்போதும் கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாம் முறை வந்து எழுப்புகிறான். பயணம் வெகுதூரம் என்பதுதான் அவன் சொல்லும் காரணம்.

ஓரேப் மலையில் தேவன் எலியாவிடம் கேட்கும் கேள்வியும், மெல்லிய சத்தமும் இதற்குப் பிறகே வருகின்றன. புதிய பணி அதற்கும் பிறகு: ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் செய்ய வேண்டும். ‘நான் ஒருவனே மீதியாயிருக்கிறேன்’ என்று புலம்பியவருக்கு, பாகாலுக்கு முழங்கால் முடங்காத 7,000 பேர் இருப்பதும் அங்கேதான் தெரிகிறது. தூக்கம், உணவு, கேள்வி, பணி என்ற இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடுகிறோம். களைத்து வந்தவரின் கையில் முதலில் பணியைத் திணிக்கிறோம். எழுப்புதல் கூட்டங்களில் கர்மேலைப் பற்றிக் கேட்ட அளவுக்குச் சூரைச்செடியைப் பற்றி நான் கேட்டதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவும் உடனே. ஜெபித்துக்கொண்டே மருத்துவரிடம் போகலாம். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. போக வேண்டாம் என்று தடுக்கிறவர் எவ்வளவு ஆவிக்குரியவராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வசனத்தில் பாதியோடு நின்றுவிடுவது

மத்தேயு 11:28 பலருக்கு மனப்பாடம். வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு அழைத்து, இளைப்பாறுதல் தருவேன் என்கிறார். அடுத்த வசனத்தில் அவர் ஒரு நுகத்தை நீட்டுகிறார். அதை ஏற்றுக்கொண்டு தம்மிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும் என்ற வாக்கு அந்த நுகத்தோடு சேர்ந்தே வருகிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் தியான நாளை ஒரு விடுமுறையாக்கிக்கொண்டு, திங்கட்கிழமை பழைய நுகத்துக்கே கழுத்தை நீட்டுகிறார்கள். பிறருடைய பாராட்டு, எதிலும் முந்த வேண்டும் என்ற வெறி, எல்லாம் என் கையில்தான் என்ற எண்ணம் ஆகியவைதான் அந்தப் பழைய நுகம். இவற்றில் எதை இறக்கிவைக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் எத்தனை நாள் மௌனமாக இருந்தாலும் களைப்பு திரும்பிவிடும்.

மனம் அலைந்ததும் எழுந்துவிடுவது

“எனக்குத் தியானம் வராது” என்று பலர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இந்த நிலையை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: நண்பகலில் சூரியன் நகராததுபோல் தோன்றும், கண் ஜன்னல் பக்கமே போகும், இந்த இடமும் வேண்டாம் இந்த வாழ்க்கையும் வேண்டாம் என்று இருக்கும். அறையைவிட்டு ஓடாதே என்பதே அவருடைய ஆலோசனை. அவர் வழியில் வந்த யோவான் காசியான் ஒரு சிறிய வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கற்பித்தார். சகாயம் செய்ய விரைந்து வாரும் என்று தேவனைக் கூப்பிடும் 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அது. மனம் ஓடும், கவனித்த உடனே, உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல், வசனத்துக்குத் திரும்புங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்புங்கள். கவனம் கூர்மையாவது இந்தத் திரும்புதலால்தான்.

கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்று காத்திருப்பது

வேண்டாம். வறண்ட நாளிலும் உட்காருங்கள்.

உங்கள் ஓய்வை இன்னொருவர் தலையில் ஏற்றுவது

உபாகமம் 5-ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பது. அதனால் வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும்கூட அந்த ஓய்வில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் எல்லாரும் இளைப்பாற, ஒருத்தி மட்டும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தால் அந்தக் கட்டளை அங்கே மீறப்படுகிறது.

அழைப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது

ஊழியத்தில் மும்முரமாக இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே. மாற்கு முதல் அதிகாரத்தில், முந்தின மாலை நோயாளிகளோடு பட்டணமே இயேசு தங்கிய வீட்டு வாசலில் கூடியிருந்தது. இருட்டோடே இயேசு எழுந்து, வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அவருடைய சீடன் சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். இயேசு அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். தேவை உண்மையானது, தேடியவர்களும் உண்மையானவர்கள். ஆனாலும் அவர் மறுத்தார். அடுத்த முறை சபையில் புதிய பொறுப்பு ஒன்றை நீட்டினால், அங்கேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜெபித்துவிட்டு நாளைக் காலையில் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வாருங்கள். உண்மையாகவே ஜெபித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.