பாலின அடையாளக் கலைக்களஞ்சியத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது: சிங்கப்பூர்த் தொகுப்பாளர்களுக்கு

பலர் கூடித் தொகுக்கும் பாலின அடையாளக் கலைக்களஞ்சியத்திற்குத் தமிழில் எழுத முன்வருபவர், முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தம்மைத் திருநங்கை என்றோ, திருநம்பி (பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர்) என்றோ, ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர் என்றோ சொல்லும்போது, அதற்குச் சான்று கேட்கும் உரிமை எந்தத் தொகுப்பாளருக்கும் கிடையாது. அதே மனிதர் ஒரு சொல் இன்ன ஆண்டில் இன்னாரால் உருவாக்கப்பட்டது என்றோ, இன்ன நாட்டில் இன்ன சட்டம் நடப்பில் உள்ளது என்றோ பதிவு எழுதினால், அதற்குச் சான்று கேட்டே ஆக வேண்டும். உரையாடல் பக்கங்களில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டும் கலந்துவிடுவதால் வருபவை. மேற்கோள் எங்கே என்ற கேள்வியைத் தம்மையே நம்பவில்லை என்று எழுதியவர் எடுத்துக்கொள்கிறார். ஆகவே சான்று கேட்கும்போது எந்த வாக்கியத்துக்குச் சான்று வேண்டும் என்று அந்த வாக்கியத்தையே எடுத்துக்காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது எல்லை. பாலின அடையாளம் என்பது ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது. பாலீர்ப்பு என்பது அவர் யாரிடம் ஈர்க்கப்படுகிறார் என்பது. இடைப்பால் என்பது பிறப்பிலேயே அமையும் உடற்கூறு பற்றியது. சிங்கப்பூர் வாசகர் இக்கலைக்களஞ்சியத்தில் முதலில் தேடக்கூடியது தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவாக இருக்கலாம். 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்க முடிவுசெய்து, 2023 ஜனவரியில் சட்டநூலிலிருந்து அகன்ற அப்பிரிவு, ஆண்களுக்கிடையேயான பாலுறவைப் பற்றியது; பாலின அடையாளத்தைப் பற்றியது அன்று. அதற்கு விரிவான பதிவு இங்கே தேவையில்லை. தொடர்புடைய பக்கத்தில் ஒரு வரியும், வேறு களஞ்சியத்துக்கு ஓர் இணைப்பும் போதும்.

புதிதாகப் புனையப்பட்ட அடையாளச் சொற்களில்தான் முடிவெடுப்பது கடினம். இணையத்தில் யாரேனும் இரவோடு இரவாக ஒரு சொல்லையும் அதற்கொரு கொடியையும் உருவாக்கிவிடலாம். மறுநாள் காலையில் அது பதிவாக வந்து நிற்கும். அதைக் கேலி செய்வதும் தவறு, அப்படியே ஏற்பதும் தவறு. இன்று பரவலாக உள்ள பலவும் ஒரு தனி மனிதரிடம் தொடங்கியவையே: திருநங்கையரையும் திருநம்பியரையும் சேர்த்துக் குறிக்கும் திருநர் கொடியை மோனிகா ஹெல்ம்ஸ் 1999ஆம் ஆண்டில் வடிவமைத்தார், இருமைக்குள் அடங்காதோரின் கொடியைக் கை ரோவன் (Kye Rowan) என்பவர் 2014ஆம் ஆண்டில் உருவாக்கினார். உருவாக்கியவருக்குத் தொடர்பில்லாத பிறர் அவற்றை எடுத்துப் பயன்படுத்தியதே அவற்றுக்குத் தனிப்பதிவு பெறும் தகுதியைத் தந்தது. ஆகவே புதிய சொல் வரும்போது, அது முதலில் எங்கே, எப்போது தோன்றியது என்று காட்ட முடிகிறதா, புனைந்தவரும் அவருடைய நண்பர் வட்டமும் அல்லாதவர்கள் தம்மைக் குறிக்க அதைப் பயன்படுத்துகிறார்களா, ஏற்கெனவே உள்ள பதிவொன்றில் சொல்லப்படாத எதையேனும் அது சொல்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் இல்லை என்று விடை வந்தால், பரந்த பொருளுள்ள பதிவுக்குள் ஒரு பத்தியாகச் சேர்த்து, அச்சொல்லை அங்கே வழிமாற்றிவிடலாம். இரண்டாவதற்கே இல்லை என்றால் காத்திருக்கச் சொல்லுங்கள். தமிழில் நேரான சொல் இல்லையே என்று தொகுப்பாளரே ஒன்றைப் புனைந்து தலைப்பாக வைப்பது இதே குற்றத்தின் இன்னொரு வடிவம். அங்கே வழக்கில் உள்ள பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருளை ஒரு வாக்கியத்தில் விளக்குவதே நேர்மை.

உள்ளூர் வரலாறு குறைவாகவே தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. நம் உழைப்பின் பெரும்பகுதி அங்கே செல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1971 ஜூலையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதை நடத்திய குழுவின் தலைவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் இலங்கையில் பிறந்தவர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள 1973ஆம் ஆண்டிலிருந்து வழி கிடைத்தது; அவர்கள் மாறிய பாலினத்தின்படி திருமணம் செய்துகொள்ள 1996ஆம் ஆண்டு மாதர் சாசனத் திருத்தம் இடமளித்தது. இவையெல்லாம் தனிப்பதிவு பெறத் தக்கவை. திருநங்கையர் கூடிய பூகிஸ் ஸ்திரீட்டின் இரவு வாழ்க்கையும் 1980களில் அது மறைந்த விதமும் அவ்வாறே. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு உட்படப் பல இதழ்கள் உள்ளன. ஆனால் அக்காலச் செய்திகளின் மொழி பல இடங்களில் இழிவானது. நிகழ்வையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, விவரிப்பை இன்றைய மரியாதையான சொற்களில் எழுதுங்கள். பழைய சொல்லே ஆய்வுக்குத் தேவையெனில் மேற்கோள் குறிக்குள், நாளிதழின் பெயரோடும் தேதியோடும் தாருங்கள். 1971ஆம் ஆண்டுப் பதிவுக்கு மருத்துவரின் பெயர் வேண்டும். சிகிச்சை பெற்றவரின் பெயர் வேண்டியதில்லை.

நம்மிடம் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழர் தமிழ்நாட்டுச் செய்திகளை நாள்தோறும் படிப்பதால், அங்குள்ள நிலையை இங்குள்ளதாக எழுதிவிடும் ஆபத்து அதிகம். 2008ஆம் ஆண்டில் அமைந்த திருநங்கையர் நல வாரியம் தமிழ்நாட்டுக்கு உரியது. 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் திருநர் உரிமைகள் பற்றி வழங்கிய தீர்ப்பும் அதே பொருளிலான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவுக்கு உரியவை. ஒவ்வொரு சட்டப் பதிவின் முதல் வாக்கியத்திலேயே நாட்டின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

சமயத்திலும் இதே குழப்பம் நேரும், இன்னும் நுட்பமாக. சவுத் பிரிட்ஜ் சாலையின் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் அரவானுக்குச் சந்நிதி உண்டு. தமிழ்நாட்டின் கூவாகத்தில் சித்திரை மாதத்தில் திருநங்கையர், அங்கே கூத்தாண்டவர் எனப்படும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு பின்னர் அதை அறுக்கும் சடங்கை அறிந்த ஒருவர், இந்தச் சந்நிதியையும் திருநங்கையர் மரபின் அடையாளம் என்று எழுத ஆசைப்படுவார். இங்கோ அரவான் திரௌபதி அம்மன் வழிபாட்டோடும் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதியோடும் சேர்ந்தவர். இரண்டு மரபுகளையும் பதிவு செய்யலாம். ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றக் கூடாது. சிகண்டிக்கும் அர்த்தநாரீசுவரருக்கும் இன்றைய அடையாளப் பெயர்களைச் சூட்டுவதும் இத்தகையதே. இன்றைய திருநர் அவர்களில் தம்மைக் காண்கிறார்கள் என்று எழுத மேற்கோள் கிடைக்கும். அவர்கள் இன்ன பாலின அடையாளத்தினர் என்று எழுத எந்த மேற்கோளும் உதவாது.

உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பதிவில்தான் மிகுந்த கண்டிப்பு தேவை. தம் அடையாளத்தைத் தாமே பொதுவெளியில் கூறியவர், அதற்கும் மேலாகப் பொதுவாழ்வில் இடம்பெற்றவர் என்ற இரண்டும் பொருந்தினாலொழிய பெயர் வரக் கூடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. நம் சமூகம் சிறியது. தேக்காவில் இன்ன தெருவில் இன்ன தொழில் செய்யும் திருநங்கை என்றால், படிப்பவரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். முன்னாள் பெயரை, அவரே அப்பெயரில் புகழ்பெற்றிருந்தாலன்றிக் குறிப்பிட வேண்டாம். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரை அடையாளங்காட்டும் விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றம். நம் நோக்கம் அதுவல்ல என்றாலும், அப்படிப்பட்ட நோக்கமுள்ளவருக்கு நம் பக்கம் கருவியாகிவிடலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பக்கத்திலிருந்து பெயரை அழித்தாலும் திருத்த வரலாற்றில் அது அப்படியே இருக்கும். உடனே நிர்வாகியிடம் சொல்லி அந்தப் பழைய பதிப்பையே மறைக்கச் செய்ய வேண்டும். திருத்தக் குறிப்பில் எதை நீக்கினீர்கள் என்று பெயரைத் திரும்ப எழுதிவிடாதீர்கள்.

மருத்துவத்தில் வகைப்பாடும் வரலாறும் சேரும். மருந்தின் அளவும் வாங்குமிடமும் சேரா. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாட்டுப் பட்டியல் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது பாலின ஒவ்வாமை (உணரும் பாலினமும் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் பொருந்தாமை) மனநோய்ப் பிரிவிலிருந்து அகற்றப்பட்டுப் பாலியல் நலம் சார்ந்த பிரிவுக்கு மாறியது என்ற செய்தி, பழைய நூல்களைப் பார்த்து எழுதுபவரைத் திருத்தும் என்பதால் அவசியம் இடம்பெற வேண்டும்.

எதிர்ப்புக் கருத்துகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு சட்டத்தையோ கொள்கையையோ பற்றிய பதிவில், யார், எப்போது, என்ன காரணம் சொல்லி எதிர்த்தார் என்பதற்கு இடமுண்டு. திருநம்பி என்றால் யார் என்று விளக்கும் முதல் பத்தியில், அப்படி ஒருவர் இருக்க முடியுமா என்ற வாதத்துக்கு இடமில்லை.

ஏற்காத பதிவை அழித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். தனிமனித விவரம் உள்ளவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்திவைப்புப் பக்கம் ஒன்றுக்கு மாற்றி, எந்தக் கூற்றுக்கு எத்தகைய சான்று வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். எழுதியவரோ, அவரை அறியாத வேறொருவரோ அந்தச் சான்றோடு வந்தால், முதலில் மறுத்தவர் அல்லாத இன்னொரு தொகுப்பாளர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.