வரையத் தெரிந்தும் வரைய மறுக்கும் மாணவனை ஓவிய வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி?

கைத்திறன் உள்ள மாணவன் ஓவிய வகுப்பில் பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், அதைத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை அவனிடமே கேட்டு வாங்கிப் பாருங்கள். காங்கேயம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று நான் கரும்பலகையில் போட்டதைப் பார்த்து வரையச் சொன்னால், மேசையில் தலை சாய்த்துப் படுத்துவிடும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் நோட்டு முழுக்கக் காளைகளாக இருந்தன. அவனுக்கு வெறுப்பு ஓவியத்தின் மீதன்று, நான் கொடுத்த வேலையின் மீது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அத்தகைய மாணவனிடம் "சூப்பர்" என்று சொல்லி நகர்ந்துவிடாமல், படத்தைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். "இது மயிலையா, காரியா?" என்று, அதாவது சாம்பல் மாடா கருப்பு மாடா என்று, நான் கேட்டதற்கு, "மயிலைங்க சார், திமிலுகிட்ட கருப்பு ஏறோணும், அதுதான் வரமாட்டேங்குது" என்றான். பாடம் அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. வளர்ந்த காளைக்குத் திமிலிலும் முன்பின் பாகங்களிலும் கருமை கூடுகிறது. கோடு எதுவும் போடாமல் வெண்மையிலிருந்து கருமைக்குப் போவது எப்படி என்பது பெரிய ஓவியரையும் உட்கார வைக்கும் சிக்கல். ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு, 2பி, அதைவிடக் கருமையான 6பி பென்சில்களால் படிப்படியாக இருட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். விரலால் தேய்த்து மழுப்ப விடாதீர்கள். அதன் பிறகு அதே ஏழு படிகளைத் திமிலில் தேடட்டும்.

பவானியில் தறி உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காளை தேவையில்லை. ஜமுக்காளத்தின் பட்டைகளை நான்கே நிறங்களில், அகலத்தை மட்டும் மாற்றி அமைக்கக் கொடுக்கலாம்.

உடனே போட்டிக்கு அனுப்பவோ, மற்ற ஆசிரியர்களின் சார்ட் வேலைகளை அவன் தலையில் கட்டவோ வேண்டாம். பசியோ தூக்கமின்மையோ காரணமாகத் தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

அவன் தன் படத்தையே கிழிக்க வந்தால், தேதி எழுதி வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கருப்பு எங்கே சரியாக ஏறியிருக்கிறது, எங்கே திட்டாக நிற்கிறது என்பதை அவனே காட்டுவான்.