டர்பிடிட்டி மீட்டர் அளவுத்திருத்தம்: குப்பியிலிருந்து தொடங்குங்கள்

தண்ணீர் கலங்கலா தெளிவா என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைப்போம். ஆனால் 5 என்.டி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே உள்ள தண்ணீர் டம்ளரில் பெரும்பாலும் தெளிவாகத்தான் தெரியும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) ஏற்கும் அளவோ 1 என்.டி.யூ.; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 5 வரை விடுகிறது. துகள்களோடு ஒட்டிக்கொண்ட கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது என்பதால் இந்தச் சின்ன வித்தியாசம் முக்கியம். அதைக் காட்டிக்கொடுப்பது கலங்கலை அளக்கும் டர்பிடிட்டி மீட்டர்தான்.

ஓட்டு இடுக்கு வழியே வெயில் விழும்போது, அந்தக் கீற்றில் மட்டும் தூசு பறப்பது பக்கவாட்டில் நின்றால் நன்றாகத் தெரியும், இல்லையா? மீட்டரும் அதைத்தான் செய்கிறது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒளியைப் பாய்ச்சி, 90 டிகிரி கோணத்தில் சிதறி வரும் ஒளியை அளக்கிறது. கைரேகை, கீறல், காற்றுக்குமிழி எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். மீட்டருக்கு அவையும் கலங்கல்தான். அதனால் குப்பி சரியில்லாமல் செய்யும் அளவுத்திருத்தம் (அளவு தெரிந்த கரைசலை வைத்து மீட்டரைச் சரிசெய்வது), செய்யாமல் விட்டதைவிட மோசமானது: தவறான எண்ணைச் சரியென்று நம்ப வைத்துவிடும்.

முதல் வேலை, குப்பி. சோப்பு நீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். பிடிப்பதென்றால் மூடியையோ கழுத்தையோ மட்டும் பிடியுங்கள். வெளிப்பக்கம் ஒரே ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டு, நூல் பிரியாத துணியால் கிட்டத்தட்ட உலரும்வரை துடைக்க வேண்டும். நுண்ணிய கீறல்களை அந்த எண்ணெய் நிரப்பி மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கீறல் இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் தெளிந்த நீரை நிரப்பி, குப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அளந்து பாருங்கள். எண் எந்த நிலையில் மிகக் குறைவோ அங்கே அடையாளமிட்டு, இனி எப்போதும் அதே திசையிலேயே வையுங்கள்.

அடுத்தது திட்டக் கரைசல், அதாவது கலங்கல் அளவு முன்பே தெரிந்த கரைசல். இதற்குப் பயன்படுவது ஃபார்மசின். ஹைட்ரசின் சல்பேட்டையும் ஹெக்சமினையும் கலந்து இதைத் தயாரிக்கலாம். ஆனால் ஹைட்ரசின் சல்பேட் புற்றுநோய் அபாயமுள்ளது. புதியவர்கள் ஆயத்தமாக வரும் நிலைப்படுத்தப்பட்ட ஃபார்மசினை வாங்குவதே நல்லது. 4000 என்.டி.யூ. சாதாரண ஃபார்மசின் மூலக்கரைசல் கையில் இருந்தால், 100 மி.லி. குடுவையில் 0.5 மி.லி. விட்டுக் குறிவரை நீர் நிரப்பினால் 20 என்.டி.யூ. கரைசல் கிடைக்கும்; 2.5 மி.லி. விட்டால் 100, 20 மி.லி. விட்டால் 800. சேர்க்கும் நீரே கலங்கலாக இருந்தால் கணக்கு கெடும், எனவே 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீர் வேண்டும். நீர்த்த 20 என்.டி.யூ. கரைசலை அன்றன்றே தயாரித்து அன்றே கொட்டிவிடுங்கள்.

இப்போது மீட்டர். ஆட்டமில்லாத மேசையில் வைத்து, காலிபரேஷன் பொத்தானை அழுத்துங்கள். பல கையடக்க மீட்டர்கள் 20, 100, 800 என்ற வரிசையில் கேட்கும். ஃபார்மசின் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு குப்பியையும் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் குமிழி வரும். குமிழி அடங்கியதும் அடையாளத்தைப் பொருத்தி, மூடியை மூடி, அளவிடுங்கள். 0.1 என்.டி.யூ.வுக்குக் குறைவான திட்டக் கரைசலும் உங்கள் மீட்டருக்குத் தேவையென்றால், அதை மட்டும் கலக்கவே கூடாது. குளிர்ந்த குப்பியின் மேல் நீர் பூத்தாலும் எண் எகிறும். அறை வெப்பநிலைக்கு வரட்டும்.

முடிந்ததும் சேமித்துவிட்டு, 10 என்.டி.யூ. திட்டக் கரைசலை வைத்துப் பாருங்கள். 9-க்கும் 11-க்கும் நடுவே வந்தால் சரி. வராவிட்டால் மீட்டரைக் குறை சொல்லுமுன் குப்பியைத் துடைத்து மறுபடி வையுங்கள். மூடி முத்திரையிட்ட ஜெல் குப்பிகள் அன்றாடச் சரிபார்ப்புக்கு மட்டுமே. அவற்றை வைத்து அளவுத்திருத்தம் செய்யக் கூடாது.

தேதி, கரைசலின் தொகுதி எண், காலாவதி நாள் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் பொதுவாகப் போதும். பயன்படுத்திய கரைசலை மட்டும் புட்டியில் திரும்ப ஊற்றிவிடாதீர்கள்.